எடைக்காரம்மாவின் பிள்ளை

எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்துவிட்டு வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த எனக்குக் குழந்தைகளை எடை போடும் வேலை கிடைத்தது. பட்டணத்து மருத்துவக் கல்லூரி ஒன்று, எங்கள் பக்கத்துக் கிராமங்களில் குழந்தைகள் எப்படி வளர்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்ய வந்திருந்தது. மாதம் ஒருமுறை ஒவ்வொரு குழந்தையையும் எடை போட வேண்டும், நீளம் அளக்க வேண்டும், என்ன சாப்பிட்டது, எப்படி வெளிக்குப் போனது என்று தாயிடம் கேட்டு எழுத வேண்டும். ஆள் எடுக்க வந்த பெரிய டாக்டர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "தராசு பார்க்கத் தெரியுமா?" என்பதுதான். செஞ்சிக் கடைத்தெருவில் மளிகைக் கடைக்காரர் மகளிடம் கேட்கிற கேள்வியா அது? எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "படிக்கல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்றுகூடச் சொல்லுவேன், சார்" என்றேன். அந்த வாய்க்காகவே எடுத்தாரோ என்னவோ.

நைனாவுக்கு இந்த வேலை பிடிபடவே இல்லை. பழைய வீசைக் கற்களைத் தூக்கிப் போட்டுவிட்டு முத்திரை குத்திய கிலோ கற்களை வாங்கச் சொல்லி அரசாங்கம் படுத்திய பாடே அவருக்கு இன்னும் ஆறியிருக்கவில்லை.

"எடை போட்டா விக்கணும். விக்காத சரக்க எதுக்கும்மா எடை போடற?" என்றார்.

"ஏறுதா எறங்குதான்னு பாக்கறதுக்கு, நைனா."

"பாத்து?"

"எழுதிக்குவோம். எழுதிப் பட்டணத்துக்கு அனுப்புவோம். அவங்க எல்லாத்தயும் கூட்டிப் பாப்பாங்க."

நைனா கையிலிருந்த படிக்கல்லைக் கீழே வைத்தார். "எல்லாக் கொளந்தயும் கூட்டியா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றதும், துவரம்பருப்பு நிறுக்கப் போய்விட்டார்.

எனக்குக் கொடுத்திருந்த ஊர்களில் தொண்டூரும் ஒன்று. காலை பஸ்ஸில் போய் இறங்கி, வேப்பமரக் கிளையில் கொக்கி போட்டுத் தராசைத் தொங்கவிடுவேன். கடிகாரம் மாதிரி வட்ட முகம், நடுவில் ஒரு முள், கீழே குழந்தையின் காலை நுழைக்க இரண்டு ஓட்டை வைத்துத் தைத்த காக்கிப் பை. தராசைப் பார்த்ததும் பெண்களுக்கு வந்த பயத்தைச் சொல்லி முடியாது. குழந்தையை எடை போடுவது சாமிக்கு நேர்ந்துகொண்டு, கோயிலில் வெல்லத்துக்கு எதிர்த்தட்டில் உட்கார வைக்கும்போது மட்டும்தான். மற்றபடி எடை போட்டால் கண் பட்டுவிடும். குழந்தை இளைத்துப் போகும். ஆகவே முதலில் குழந்தையின் கன்னத்தில் ஒரு மைப்பொட்டு வைத்தார்கள். அப்புறம் எதற்கும் இருக்கட்டும் என்று தராசின் முகத்திலும் ஒரு பொட்டு வைத்தார்கள். ஒவ்வொருத்தியும் தன் குழந்தையின் எடை எந்த எண்ணில் நின்றதோ சரியாக அந்த எண்ணின் மேலேயே வைப்பாள். பாதிக் குழந்தைகள் முடிவதற்குள் தராசில் எண் என்று ஒன்று இருந்ததற்கே அடையாளம் இருக்காது. நான் மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பேன், அவர்கள் மறுபடி வைப்பார்கள். மிளகாய் சுற்றி நெருப்பில் போடுகிறவள் வேறு ஒருத்தி. நெடியில் தொங்குகிற குழந்தை தும்மும், முள் ஆடும், நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு முள் நிற்கக் காத்திருப்பேன்.

குழந்தையின் உடம்பில் ஒன்றும் இருக்கக் கூடாது என்பது பட்டணத்து விதி. அரைஞாண் கயிற்றை அவிழ்க்கக் கூடாது என்பது தொண்டூர் விதி. பெரிய டாக்டருக்கு எழுதிக் கேட்டேன். கயிற்றைத் தனியாக எடை போட்டுக் கழித்துக்கொள்ளவும் என்று பதில் வந்தது. அவிழ்க்கவே விடாத கயிற்றை எங்கே தனியாக எடை போடுவது? அதே மாதிரி கயிறும் தாயத்தும் வாங்கி, நைனாவின் ஏலக்காய்த் தராசில் நிறுத்துக் கழித்தேன். தாயத்துக்குத் தாயத்து எடை மாறும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஒரு பெண் ஒவ்வொரு மாதமும் வருவாள். இடுப்பில் குழந்தையோடு கடைசி ஆளாக நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விடுவாள். ஊரில் எல்லாக் குழந்தைகளும் ஆயிற்று, இது ஒன்றுதான் பாக்கி. ஒரு நாள் கூப்பிட்டே விட்டேன்.

"உன் கொளந்தய கொண்டாம்மா."

"எனக்குக் கொளந்த இல்லியே."

"இடுப்புல இருக்கறது இன்னா?"

"இதுவா? இது என்னுது இல்ல."

"பின்ன யாருது?"

"யாருதோ."

குழந்தை அவள் ரவிக்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. "பால் குடுக்கறது யாரு?" என்றேன்.

"நான்தான். பாவம், பசிக்குதுல்ல அதுக்கு?"

நான் பென்சிலைக் கீழே போட்டுவிட்டேன். என்னைக் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்துக் கத்தவும் ஆரம்பித்தேன். அப்போது வேறொரு பெண் என்னைத் தள்ளிக்கொண்டு போய், எமன் காதில் விழாத குரலில் விஷயத்தைச் சொன்னாள்.

அவளுக்கு முதலில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதாக இவன் பிறந்ததும், குப்பைமேட்டில் புரட்டி எடுத்து, ஒரு மரக்கால் தவிட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரியிடம் விற்றுவிட்டார்கள். எமன் வந்து இவள் பிள்ளை எங்கே என்று தேடினால், இவளுக்குத்தான் பிள்ளையே கிடையாதே! இது அடுத்த வீட்டுப் பிள்ளை. இவள் சும்மா வைத்துக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். எமனும் கணக்கு வழக்குப் பார்க்கிறவன், அடுத்தவர் சொத்தில் கை வைக்க மாட்டான். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஒரு கோழிச் சண்டை வந்தது. கோழி யாருடையது என்ற வாக்குவாதம் முற்றி, பக்கத்து வீட்டுக்காரி நடுத்தெருவில் நின்று, "உன் கோளியும் வேணாம், உம்புள்ளயும் வேணாம், நீயே வச்சுக்க!" என்று கத்திவிட்டாள். ஊருக்கே கேட்டது. எமனுக்குக் கேட்டிருக்காதா?

அன்றிலிருந்து குழந்தைக்குச் சொந்தக்காரர் இல்லை. ஊரில் யாரும் வாங்க முன்வரவில்லை. இரண்டு போன வீடு, யாருக்குத்தான் துணிச்சல் வரும்? நான் இதைக் கேட்டு நின்றுகொண்டிருக்கும்போதே அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீ வாங்கிக்கறியாம்மா?" என்றாள். "நீ பஸ்ல வர்றவ. உன் ஊடு எங்க இருக்குதுன்னு அவனுக்குத் தெரியாது."

எனக்கு இரக்கம் வந்தது என்று எழுதினால் பொய். நான் அந்த ஊரில் எடை போடாத ஒரே குழந்தை அது. "வாங்கினா எடை போட உடுவியா?" என்று கேட்டேன். "உம்புள்ள, நீ இன்னா வேணா பண்ணிக்க" என்றாள். வியாபாரம் படிந்துவிட்டது.

கடையில் மாட்டுத் தீவன மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று, "நைனா, ஒரு மரக்கால் தவிடு வேணும்" என்றேன்.

"எதுக்கு? நம்மகிட்ட மாடு இல்லியே."

"ஒரு கொளந்த வாங்கணும்."

நைனா என் முகத்தையே பார்த்தார். படித்த பெண் ஏதோ சொல்கிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, தலைதட்டி அளந்து கொடுத்தார். தொண்டூர்க் குப்பைமேட்டில் வைத்து அவள் தவிட்டைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தாள். "உமி கலந்திருக்குது" என்றாள். பத்து மாதம் சுமந்து பெற்ற பிள்ளையை விற்கிறவள், தவிட்டில் குறை சொன்னாள். செஞ்சிக் கடைத்தெருவிலேயே நயமான தவிடு எங்களுடையதுதான் என்று நானும் விடாமல் பேசினேன். கடைசியில் முறத்தில் கொட்டி எருமைக்கு வைத்தாள். எருமை தின்று முடித்ததும் சுற்றி நின்றவர்கள், இனி வியாபாரத்தைத் திருப்ப முடியாது என்று சொல்லிக் கலைந்தார்கள். குழந்தை என் இடுப்புக்கு வந்தது. வந்த வேகத்தில் என் பின்னலைப் பிடித்து இழுத்தது.

உடனே தராசில் போட்டேன். நடக்கப் போகிற வயது. ஆனால் முள், தவழாத குழந்தைகளுக்கு நிற்கிற இடத்தில் நின்றது. மற்ற குழந்தைகள் என்றால் எழுதிக்கொண்டு அடுத்ததைக் கூப்பிட்டிருப்பேன். என் பிள்ளை என்று வாயால் சொல்லிவிட்ட தோஷம், மனது என்னவோ செய்தது. எடை குறைந்த குழந்தைகளுக்குக் கொடுக்கிற பால்பவுடர் டின்னை அன்றைக்கே எடுத்துக் கொடுத்தேன்.

அதிலிருந்து அவள் படுத்திய பாடு கொஞ்சமல்ல. நான் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ஆரம்பித்துவிடுவாள். "உம்புள்ள நேத்தெல்லாம் என்னத் தூங்க உடல." "உம்புள்ளைக்குப் பல்லு வந்துட்டுது, என்னக் கடிக்குது." "உம்புள்ளைக்கு மொட்ட அடிக்கணும், எந்தக் கோயில்னு சொல்லு." ஒரு மாதம் காய்ச்சலால் நான் போகவில்லை. அடுத்த மாதம் போனபோது, "பெத்தா மட்டும் பத்துமா? வந்து பாக்க வேணாம்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். நானும் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

ஒரு மாதம் எடை ஏறியிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, உம்புள்ள தேறிட்டான்" என்று அவளும் சிரித்தாள். காக்கிப் பையிலிருந்து தூக்கும்போதுதான் அரைஞாணைக் கவனித்தேன். புதிதாக மூன்று செப்புத் தாயத்து, ஓர் ஈயக் குண்டு, சீயமங்கலத்துப் பக்கம் யாரோ மந்திரித்துக் கொடுத்த இரும்பு வளையம் ஒன்று. ஏறியிருந்தது அதுதான். அதைக் கழித்துப் பார்த்தால் பிள்ளை போன மாதத்தைவிட இறங்கியிருந்தான். அவன் இளைக்க இளைக்க அவள் தாயத்து கட்டியிருக்கிறாள், தராசும் கூடியிருக்கிறது என்று காட்டியிருக்கிறது. அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு அழுகை வந்தது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் பெரிய டாக்டர் ஜீப்பில் சோதனைக்கு வந்தார். இவனைத் தூக்கிப் பார்த்து, "ரொம்ப இளைத்திருக்கிறானே, யார் குழந்தை?" என்று கேட்டார். மரத்தடியில் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில், "இந்தம்மாதுங்க" என்று என்னைக் காட்டினார்கள். டாக்டர் என்னைப் பார்த்தார். என் வெறுங்கழுத்தைப் பார்த்தார். மறுபடி குழந்தையைப் பார்த்தார்.

"ஆராய்ச்சியில் வேலை செய்கிறவர்களின் சொந்தக் குழந்தைகளைச் சேர்க்கக் கூடாது. அது விதி" என்றார். "நீக்கிவிடுங்கள்."

நீக்கினால் பால்பவுடர் நின்றுவிடும். என் பிள்ளை இல்லை என்று சொன்னால்தான் டின் கிடைக்கும். ஆனால் இரண்டடி தள்ளி அவள் நிற்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி கத்தியதையே நானும் கத்தினால் அவள் கதி என்ன? வாயைத் திறக்கப் போன என்னை அவள் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. எமனுக்கு இங்கிலீஷ் தெரியாது என்ற நம்பிக்கையில், என் எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷை எல்லாம் திரட்டி, "நாட் மை சைல்டு, சார். ஒன்லி பாட், சார். ஃபார் தவிடு, சார்" என்றேன். தவிட்டுக்கு இங்கிலீஷ் தெரியவில்லை.

"இன்னாம்மா சொன்ன?" என்று அவள் பதறினாள்.

"எம்புள்ளதான்னு சொன்னேன்."

டாக்டருக்கு என்ன புரிந்ததோ, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "சரி, இருக்கட்டும்" என்று ஜீப்பில் ஏறிவிட்டார். டின் நிற்கவில்லை.

நடந்ததெல்லாம் அடுத்த பஸ்ஸில் செஞ்சிக்கு வந்து சேர்ந்துவிட்டது. மளிகைக் கடைக்காரர் பெண்ணுக்குத் தொண்டூரில் ஒரு ஆண்பிள்ளை இருக்கிறதாம் என்று ஒரு வாய், அதைத் தவிட்டுக்கு வாங்கினாளாம் என்று இன்னொரு வாய். இரண்டில் எது மோசம் என்று கடைத்தெருவுக்கே குழப்பம். திண்டிவனத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. நைனா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "ஒரு மரக்கால்ல ஏமாந்துட்டியே, அரை மரக்காலுக்கே கேட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

ஐப்பசி மழையில் தொண்டூரில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. ஒரு நாள் காலையில், கடையில் கூட்டம் நெருக்கும் நேரத்தில், அவள் மழையில் நனைந்தபடி வந்தாள். முந்தானைக்குள்ளிருந்து குழந்தையை எடுத்து, நைனாவின் தராசுக்குப் பக்கத்தில் பலகை மேல் வைத்தாள்.

"உங்க பொண்ணோட புள்ள. ரெண்டு நாளா நிக்காம போவுது. தூக்கினு போங்க" என்றாள்.

கண் குழி விழுந்திருந்தது. உதடு காய்ந்து கிடந்தது. அழக்கூட அவனிடம் தெம்பு இல்லை. சரக்கு வாங்க வந்தவர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஊர் வாயில் எவ்வளவோ பட்டிருந்த நைனா, தோள்துண்டை உதறி அவனைச் சுற்றித் தூக்கிக்கொண்டு, "இன்னும் இன்னா பாத்துனு நிக்கற, வாம்மா சீக்கிரம்!" என்று என்னைப் பார்த்துக் கத்திவிட்டு மழையில் இறங்கினார். கடையைப் பூட்டச் சொல்லக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி சலைன் ஏற்றினார்கள். "தாய் யாரு?" என்று நர்ஸ் கேட்டாள். கூடவே ஓடி வந்திருந்த பெற்றவள் ஜன்னலைப் பார்த்தாள். "நான்" என்றேன். நர்ஸும் என் கழுத்தைப் பார்த்தாள்; எனக்கு அதெல்லாம் பழகிவிட்டிருந்தது. பெற்றவளோ வார்டின் கடைசியில் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அவன் முனகும்போதெல்லாம் அவள் முதுகு மட்டும் விறைத்தது, திரும்பவில்லை. எங்கள் வீட்டு வேலைக்காரி என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள்.

பொறுக்க முடியாமல் பக்கத்தில் போய்க் குனிந்தேன். "வந்து ஒருவாட்டி தூக்கேன்."

அவள் சுவரைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னாள்: "இங்கதாம்மா சுத்தினு இருப்பான். ஆஸ்பத்திரில அவனுக்கு எப்பவும் வேல இருக்குதுல்ல? நான் தூக்கினா பாத்துடுவான். மொதல் ரெண்டும் என் மடியிலதான் போச்சு."

மறுநாள் மத்தியானம் போக்கு நின்றது. ஆஸ்பத்திரி டாக்டர் சலைனை எடுத்துவிட்டார். "இனிமே வாயாலதான் உள்ள போகணும். குடிச்சான்னா பொழச்சுக்குவான், குடிக்கலைன்னா நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல" என்றார். குளுக்கோஸ் தண்ணீரை ஸ்பூனில் வைத்தேன், வாயை இறுக்கிக்கொண்டான். பால்பவுடரைக் கரைத்துக் கொடுத்தேன், துப்பினான். நைனா சங்கில் ஊற்றிப் பார்த்தார், அதுவும் வழிந்தது. என் தோளுக்கு மேலாக, வார்டின் கடைசியில் தெரிந்த அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். வாய் அழுதது, சத்தம் வரவில்லை.

நானும் இரண்டடி நகர்ந்து, பக்கவாட்டில் அவளைப் பார்த்தேன். அவள் முந்தானையைச் சுருட்டி மார்போடு அழுத்திக்கொண்டிருந்தாள். ரவிக்கை முழுக்க நனைந்து, பால் இடுப்புவரை இறங்கியிருந்தது. எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று அப்போது தெரியவில்லை. எமன் மேல்தான் என்று இப்போது நினைக்கிறேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வார்டின் நடுவில் போய் நின்று, சந்தையில் கூவுகிற குரலில் கூப்பிட்டேன்.

"ஏம்மா! செவுத்தப் பாத்துனு குந்தினு இருக்கறவளே, உன்னத்தான்! எம்புள்ளைக்குப் பால் குடுக்க ஆள் வேணும். எனக்குப் பால் இல்ல. உனக்கு இருக்குதா?"

அவள் மெல்லத் திரும்பினாள். என்னைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து நின்று, என்னைவிடச் சத்தமாகச் சொன்னாள்:

"இருக்குது. ஆனா கூலி இல்லாம ஊரான் புள்ளைக்கு நான் பால் குடுக்கறதில்ல."

"இன்னா கூலி?"

"ரெண்டு வேள சோறு."

"ஒரு வேளதான்."

"அப்ப வேற ஆளப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு நிஜமாகவே வாசலை நோக்கி நடந்தாள். என் கையில் குழந்தை துவண்டு கிடந்தான். நான் பின்னாலேயே ஓடினேன்.

"சரி, ரெண்டு வேள!"

"ராத்திரிக்குக் கொளம்பு ஊத்தணும்."

"ஊத்தறேன், வா!"

வேண்டா வெறுப்பாக வருகிறவள் மாதிரி வந்தாள். முகத்தைப் பார்க்காமல் அவனை வாங்கிக்கொண்டாள். தரையில் உட்கார்ந்து முந்தானையால் மூடினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அவன் குடிக்கிற சத்தம் கேட்டது. நைனா சங்கைக் கையில் வைத்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த கிழவி எட்டிப் பார்த்து, "ஊரான் புள்ள, எப்பிடி ஒட்டிக்கிச்சு பாரேன்" என்றாள்.

"கூலிக்குத்தான் குடுக்கறேன்" என்று அவள் வாசல் பக்கம் கேட்கும்படி உரக்கச் சொன்னாள். முகத்தில் ஒன்றும் இல்லை. முந்தானைக்குள் அவன் பாதத்தை அவள் விடாமல் பிடித்திருந்தது, பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் தெரிந்தது.